பதினேழாம் எண் தகவலாளர்

முருகையன் செத்துப் பதினொரு மாதம் கழித்து அவனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

அஞ்சலாட்சி அன்று தட்டாஞ்சாவடியில் வேலையில் இருந்தாள். பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் மூடிகளைப் பையில் போட்டுக் கட்டுகிற வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி முத்தியால்பேட்டை கிணத்தடித் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுத் தணிகாசலம் ஒரு நீள உறையோடு வாசலில் நின்றிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள். மூன்று பாஷை படிக்கத் தெரிந்தவர் என்பதால் தெருவுக்கு வருகிற சர்க்கார் கடிதங்களில் பாதி அவர் வாயால்தான் படிக்கப்படும்.

"உன் வூட்டுக்காரருக்கு வந்திருக்குது. நான் பிரிக்கல," என்றார்.

"பிரிங்கண்ணே. அவரா வந்து பிரிக்கப்போறாரு."

சொல்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அன்புடையீர், எங்கள் புவியியல் மற்றும் திட்டமிடல் துறை தங்கள் பகுதி மக்களோடு நடத்திவரும் தொடர் உரையாடலில் தாங்கள் மதிப்பு மிக்க பங்குதாரர். தங்கள் குரலைக் கேட்க நாங்கள் மீண்டும் வருகிறோம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாங்கள் தவறாமல் வீட்டில் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முருகையன் என்ற பெயருக்குக் கீழே 'தகவலாளர் எண் 17' என்று அச்சாகியிருந்தது.

"தவறாமல்னு போட்டிருக்கான்," என்றார் சொல்தா.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து நான்கு ஆகஸ்டில் அந்தத் துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் தெருவுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம், வெளியூர்க்காரர்கள். கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதற்குச் சமூகத் தொடர்பு மையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். தெருவில் முப்பது வீட்டைப் பொறுக்கி, வீட்டுக்கு ஒருவராக உட்காரவைத்து, அவர்களின் பிரச்சனை என்ன என்று கேட்டார்கள். முருகையன் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில் சொன்னான். தெருவின் நடுவில் சாக்கடை திரும்புகிற இடத்தில் சிலாப்பு உடைந்து விழுந்து வருஷம் ஒன்று ஆகிறது, ஆள் உயரம் ஆழம், ஒரு சிலாப்பு போட்டால் போதும். எழுதிக்கொண்டு போனார்கள். அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. துறை மொத்தமும் கடற்கரைக்குப் போய்விட்டது. கிணத்தடித் தெரு எழுதின இடத்திலேயே நின்றது.

மறு வருஷம் நவம்பரில் நான்கு நாள் விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கம்பெனி வாட்ச்மேன் வேலை முடிந்து சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த முருகையனுக்கு, ஓட்டை எந்த இடம் என்று தெருவிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றாலும், தண்ணீருக்கடியில் அது ஒரு முழம் தள்ளியிருந்தது. சைக்கிள் மட்டும் ஓட்டையின் வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அவனை மறுநாள் மத்தியானம் மூன்று தெரு தள்ளி, குப்பை மறிக்கிற கம்பியில் கண்டெடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்குப் பேராசிரியர் முனைவர் இளஞ்செழியன் வந்தார். துறைத்தலைவர். கதர்ச் சட்டை, தோளில் துணிப்பை. கூடவே ஆராய்ச்சி மாணவி நிர்மலாதேவி. சங்கதியைச் சொன்னதும் பேராசிரியர் உண்மையாகவே கலங்கிப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரிய இழப்பும்மா. போன தடவ ஒரு கேள்வியக்கூட விடாம பதில் சொன்னது அவர் ஒருத்தர்தான்."

நிர்மலாதேவி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இவர எடுத்துட்டா இருபத்தொம்போது," என்றாள்.

பேராசிரியர் அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினார். "முப்பது பேர் இருந்தாத்தான் இது ஆய்வு. இருபத்தொம்போதுன்னா வெறும் விசாரிப்பு. அதே முப்பது பேர் அஞ்சு வருஷம் பேசணும். நீங்க அவர் இடத்துல இருந்து சொல்லுங்க. அவர் இருந்திருந்தா என்ன சொல்லுவாரோ அத. உங்களுக்குத் தெரியாததா."

அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் படித்த ஆண் ஒருவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்கும்போது எழுந்து போகவும் தெரியவில்லை.

"பேரு?" என்றாள் நிர்மலாதேவி.

"அஞ்சலாட்சி."

"அவர் பேரு சொல்லுங்கக்கா."

இருபத்து மூன்று வருஷத்தில் புருஷன் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் இருந்தபோது தேவைப்படவில்லை. "முருகையன்," என்றாள். சொன்னதும் உள்ளே யாரோ திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"அது அப்போ. இப்ப நாப்பத்தொம்போது போடணும்," என்று நிர்மலாதேவி எழுதிக்கொண்டாள்.

முதல் பிரச்சனை எது என்று கேட்டாள். சிலாப்பு என்று அஞ்சலாட்சி சொன்னாள். அதனால் தங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா, மிக அதிகமா என்று கேட்டாள். அஞ்சலாட்சி அவள் முகத்தையே பார்த்தாள். நிர்மலாதேவி தலையைக் குனிந்துகொண்டு 'மிக அதிகம்' என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

"அதுக்கு ஆதாரம் வெக்கணுமே," என்றார் பேராசிரியர்.

"செத்த சர்டிபிகேட் இருக்குதுங்க," என்றாள் அஞ்சலாட்சி.

"அத வெச்சா அவர் இறந்ததா ஆயிடும்மா." பேராசிரியர் மிகவும் மெதுவாகச் சொன்னார். நிர்மலாதேவி 'அதிகம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

கிளம்பும்போது பேராசிரியர் முன்னால் போய்விட, செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "அவர் பேசினத நான் எத்தினியோ தடவ கேட்டிருக்கேன்க்கா. நல்ல குரல் அவருக்கு."

"எதுல கேட்ட?"

"டேப்புல. போன தடவ ரெக்கார்ட் பண்ணோமே. ஆபீஸ்ல இருக்கு."

அஞ்சலாட்சி அன்று அடுப்படியில் இருந்தவள். ஜன்னல் மேல் கறுப்பாக ஒரு டப்பா இருந்ததைப் பார்த்திருந்தாள். ரேடியோ என்று நினைத்திருந்தாள்.

சில மாதங்களாக அவளுக்கு ஒரு பயம் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. முருகையனின் முகம் சுவரில் இருந்தது. சட்டை இரண்டு கொடியில் இருந்தது. குரல் எங்கேயும் இல்லை. 'அஞ்சலா' என்று அவன் கூப்பிடுவதை மனசுக்குள் வரவழைத்துப் பார்ப்பாள். கூப்பிடுகிற குரல் பக்கத்து வீட்டுக்காரனுடையதாக இருக்கும், டிவியில் செய்தி வாசிக்கிறவனுடையதாக இருக்கும். அவன் வாய் அசையும், வேறு யாரோ பேசுவார்கள். அப்படிப்பட்ட குரல் பஸ்ஸில் போனால் இருபது நிமிஷ தூரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்பது தெரிந்தபின் அவளால் மூடி கட்ட முடியவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மஞ்சள் சுவர் வீட்டுக்குப் போனாள். கேட் பூட்டியிருந்தது.

"யாரப் பாக்கணும்?" என்றான் காவல்காரன்.

"எங்க தெருக்காரங்ககிட்ட வந்து பேசறாங்களே, அவங்கள."

"அவங்க உங்க தெருவுக்கு வந்துதான் பேசுவாங்க. நீங்க இங்க வந்து பேசறதுக்கு அனுமதி இல்ல."

அவள் வெயிலில் நின்றாள். டீ வாங்கப் போய்விட்டு வந்த அட்டெண்டர் கலியமூர்த்தி, அவள் முத்தியால்பேட்டை ஆள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே அழைத்துப்போனார். கூடத்துச் சுவர் முழுக்க ஒரு வரைபடம். கிணத்தடித் தெரு அதில் அவள் கை நீளத்துக்கு இருந்தது. முப்பது புள்ளி, நம்பர் போட்டு. ஓட்டை இருக்கிற இடத்தில் சிவப்பு வட்டம். வரைபடத்தில் தெரு அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது. அவளுடைய வீட்டின் மேல் பதினேழு என்று எழுதியிருந்தது. கலியமூர்த்தி அவளுக்கு டேப்பு வேண்டி ஒரு விண்ணப்பம் எடுத்துக் கொடுத்தார். சொல்தா பூர்த்தி செய்தார்.

மூன்று மாதம் கழித்துப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் பதில் வந்தது. தகவலாளர்களின் அடையாளத்தைக் காப்பது துறையின் உயிர்மூச்சு. ஆகவே தகவலாளர்-17 என்பவர் யார், அவர் ஆணா பெண்ணா என்பதைக்கூடத் தங்களுக்குத் தெரிவிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். அன்னாரே நேரில் வந்து கையொப்பமிட்டால் தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.

"அன்னாருன்னா?" என்றாள் அஞ்சலாட்சி.

"உன் வூட்டுக்காரரு."

"அவரு நேர்ல வந்தா எனக்கு டேப்பு இன்னாத்துக்கு?"

சொல்தா கடிதத்தை மடித்து உறையில் போட்டார். பட்டாளத்திலும் இந்த மாதிரிப் பதில்கள் வரும் என்றும், அங்கே குறைந்தபட்சம் பிரெஞ்சில் வரும் என்றும் சொன்னார்.

அந்தக் கோடையில் அவர் தன் வீட்டுக் கொல்லையை இடித்துக் கட்டினார். பழைய கடப்பைக் கல் ஒன்று மிஞ்சியது. தெரு ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கிவந்து ஓட்டையின் மேல் போட்டார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாள் பிள்ளைகள் அதன் மேல் நின்று குதித்தார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு வேன் வந்தது. சாக்கடைக்குச் சிலாப்பு போட வேண்டிய ஆபீஸின் ஆட்கள், அந்த ஓட்டை இருக்கும் வரை ஒருமுறைகூட அந்தப் பக்கம் வந்திராதவர்கள், கடப்பாரையோடு இறங்கினார்கள். கூடவே பேராசிரியர்.

"ஆர்வம் புரியுது," என்றார் அவர், கூடிநின்ற ஜனங்களைப் பார்த்து. "இந்தச் சமூகத்தோட சுயமுயற்சிய நான் மதிக்கிறேன். இதப்பத்தி ஒரு தனிக் கட்டுரையே எழுதப்போறேன். ஆனா ஒண்ணு யோசிங்க. அஞ்சு வருஷம் இந்த இடம் எப்படி இருக்கோ அப்படியே இருந்தாத்தான், இது மக்கள எப்படிப் பாதிக்குதுன்னு உலகத்துக்குச் சொல்ல முடியும். நடுவுல மூடிட்டா, மூடாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும்," என்றார் சொல்தா.

"அது அனுபவம். தரவு இல்ல."

கல்லைப் பெயர்த்துச் சொல்தா வீட்டு வாசலில் சாத்திவிட்டார்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் குழி தோண்டி, சிமெண்டு கொட்டி, இரும்புக் கம்பத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'ஆய்வுத் தளம் எண் 4. இங்கு எதையும் மாற்ற வேண்டாம்.' கம்பத்துக்குக் கொட்டின சிமெண்டில் ஒரு சிலாப்பு வார்த்திருக்கலாம் என்று கொத்தனார் ஒருவர் சொன்னார். ஒரு மாணவன் கையடக்கக் கருவியை ஓட்டைக்கு மேலே பிடித்து, இப்போது ஆறு சாட்டிலைட் ஒரே நேரத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கினான். பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களின் அம்மாக்கள் வந்து அவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

மழைக்காலத்தில் அந்த ஓட்டைக்குள் தண்ணீர் சுழலும். அடித்தொண்டையில் யாரோ எதையோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். அது கேட்கத் தொடங்கியதும் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அஞ்சலாட்சி மட்டும் கூட்டமாட்டாள். முன்பு பயந்துகொண்டு கேட்டாள். பின்பு, குரலை நினைவுக்குக் கொண்டுவர அது உதவுமோ என்று கேட்டாள். உதவவில்லை.

இரண்டாயிரத்து ஏழு கடைசியில் கலியமூர்த்தி வேலைக்குப் போகிற வழியில் அவள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "செவ்வாக்கிழம பெரிய கருத்தரங்கு. உங்க வூட்டுக்காரரு பேசினதப் போடப்போறாங்களாம். வந்தா கேக்கலாம்."

பெரிய ஹோட்டல் ஒன்றின் ஹாலில் நடந்தது. வாசலில் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். வந்தவர்களின் அட்டையில் பெயரும் ஊரும் இருந்தன. அஞ்சலாட்சியின் அட்டையில் 'சமூகம்' என்று இருந்தது. கடைசி வரிசையில் சமூகத்துக்கென்று பத்து நாற்காலி. அவள் ஒருத்திதான் சமூகம். மத்தியானம் வரை இங்கிலீஷில் பேசினார்கள். ஹாலுக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. அவள் எழுந்திருக்கவில்லை, எழுந்து போகிற நேரம் பார்த்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது.

பேராசிரியர் மேடைக்கு வந்து விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் ஓட்டையின் படம் வந்தது. புல்லாங்குழல் ஒலித்தது. அதன் மேல் அவன் பேசினான்.

"இங்க எவனாச்சும் உள்ள உயுந்து செத்தாத்தான் உங்களுக்கெல்லாம் கண்ணு தொறக்கும்."

பன்னிரண்டு விநாடி. அவ்வளவுதான். அஞ்சலாட்சி முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரனுடைய குரல் இல்லை, செய்தி வாசிக்கிறவனுடையது இல்லை. கொஞ்சம் கட்டைக் குரல், 'எவனாச்சும்' என்கிற இடத்தில் மூக்கில் போய் வருகிறது. இதை எப்படி மறந்தோம் என்று நினைத்தாள்.

விளக்கு போட்டார்கள். பேராசிரியர் மைக்கின் பக்கம் வந்தார்.

"நண்பர்களே, இது இரண்டாயிரத்து நாலுல சொன்னது. எந்தப் படிப்பும் இல்லாத ஒரு சாமானியர் சொன்ன முன்கணிப்பு. பதினஞ்சே மாசத்துல அது நூத்துக்கு நூறு நிஜமாச்சு. அதுவும் எப்படி? கணிப்பைச் சொன்னவரே அத நிரூபிச்சும் காட்டினாரு. சமூக அறிவியல்ல இது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்குத் தெரியும். நாங்க கேட்டோம். அவர் பேசினார். நாங்க பதிவு பண்ணோம். இதுக்கு மேல ஒரு பல்கலைக்கழகம் ஒரு தெருவுக்கு என்ன செய்ய முடியும்?"

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையிலிருந்த சமூகம் உட்கார்ந்தே இருந்தது. குளிரில் அதற்கு உடம்பு நடுங்கியது.

அதன் பிறகு எங்கே கூட்டம் போட்டாலும் அவள் போனாள். மர நிழலில் போட்டார்கள், கல்லூரியில் போட்டார்கள், கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் குரலைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். பன்னிரண்டு விநாடி ஒன்பதானது. ஒன்பது ஐந்தானது. கடைசியாக அவள் கேட்டபோது "கண்ணு தொறக்கும்" மட்டும் மிச்சம் இருந்தது. மற்ற இடம் புல்லாங்குழலுக்குப் போய்விட்டது. மக்கள் பங்கேற்பு வளர்ந்துவருவதற்கு அஞ்சலாட்சியின் போட்டோவைத் துறையின் ஆண்டறிக்கையில் போட்டார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஊன்றிக் கேட்கிறாள். படத்துக்குக் கீழே 'அறிவைப் பகிரும் தருணம்' என்று எழுதியிருந்தது.

இரண்டாயிரத்து எட்டு அக்டோபரில் மூன்றாவது கட்டக் கணக்கெடுப்பு. தவறாமல் வீட்டில் இருக்கும்படி முருகையனுக்குக் கடிதம் வந்தது. பேராசிரியரும் நிர்மலாதேவியும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். சொல்தா தானாகவே வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"இந்தத் தடவ அறநெறிக் குழு புதுசா ஒரு பக்கம் சேத்திருக்காங்க," என்றாள் நிர்மலாதேவி. "மொதல்ல அத வாசிக்கணும்." ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற தொனியில் வாசித்தாள். தகவலாளர் விரும்பினால் எந்த நேரத்திலும், காரணம் கூறாமல், ஆய்விலிருந்து விலகலாம். விலகினால் அவரது குரல்பதிவு முதலான தரவுகள் அன்றே அவரிடம் ஒப்படைக்கப்படும். அவர் சுட்டிக்காட்டிய இடம் ஆய்வுத் தளமாக நீடிக்காது.

வாசித்து முடித்துத் தாளைத் திருப்பினாள். பேரு முருகையன். வயசு ஐம்பத்தொன்று. செத்தவனுக்கு இந்த வீட்டில்தான் ஒழுங்காக வயது கூடிக்கொண்டு வந்தது. முதல் பிரச்சனை சிலாப்பு. பாதிப்பு அதிகம். அஞ்சலாட்சி பழகிப்போயிருந்தாள்; மூடி கட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"திருமணம் ஆனவரா?"

"ஆனவரு."

"மனைவி கூட இருக்காங்களா?"

"இருக்கா."

"இது புதுக் கேள்விக்கா. குடும்ப நலன் பத்தினது." நிர்மலாதேவி நிமிராமல் வாசித்தாள். "தங்கள் மனைவி தற்போது எப்படி இருக்கிறார்? மகிழ்ச்சியாக, ஓரளவு மகிழ்ச்சியாக, மகிழ்ச்சியின்றி, தெரியாது."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். அவன் வந்து பார்த்திருப்பானா, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பான், என்ன நினைத்திருப்பான் என்று மூன்று வருஷத்தில் முதல் தடவையாக யோசித்தாள். அவன் இடத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்த்தாள். மெலிந்துபோன ஒரு பெண்பிள்ளை இரண்டு பேருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுன்னு போட்டுக்கலாமா?" என்றார் பேராசிரியர் இரக்கத்தோடு.

"நான் விலகிக்கிறேன்."

"என்னது?"

"விரும்பினா விலகலாம்னு இந்தப் பொண்ணு இப்பதான வாசிச்சுது. விலகிக்கிறேன்."

பேராசிரியர் சிரித்தார். "அது தகவலாளருக்கும்மா. நீங்க தகவலாளர் இல்லையே."

"ரெண்டு வருஷமா யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"அவர் இடத்துல இருந்து நீங்க..."

"அவர் இடத்துல இருந்துதான் சொல்றேன். அவருக்கு இனிமே சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அம்மா, கொஞ்சம் யோசிங்க. அவர் எப்படிம்மா விலக முடியும்? அவர் இறந்துட்டாரு."

அந்த வார்த்தை துறையின் பக்கத்திலிருந்து இப்படி நேராக வருவது அதுதான் முதல் தடவை. வந்தபின் அவராலும் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

"அத எழுதிக் குடுத்துடுங்க, மிசே," என்றார் கதவுநிலையிலிருந்து சொல்தா, பட்டாளத்தில் துரைமாரைக் கூப்பிடுகிற மாதிரி. "ரெண்டாயிரத்து அஞ்சு நவம்பர்லயே செத்துட்டாருன்னு உங்க சீல் வெச்சு. அப்பறம் ஆறுலயும் இப்பவும் உங்ககிட்ட யாரு பேசினாங்கன்னு நாங்க விசாரிச்சுக்கிறோம். அதுக்குன்னு ஒரு அறநெறிக் குழு இருக்குதாமே."

நிர்மலாதேவி பையிலிருந்து விலகல் படிவத்தை எடுத்தாள். யாரும் கேட்காமலே எடுத்தாள். பேனாவைத் திறந்து அஞ்சலாட்சியிடம் நீட்டினாள். பேராசிரியர் நிர்மலாதேவியைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலாட்சிக்குத் தன் பேர் எழுதத் தெரியும். மற்ற எழுத்துகளுக்குச் சொல்தா ஒவ்வொன்றாகத் தரையில் விரலால் எழுதிக் காட்டினார். 'மு' கோணலாக வந்தது. மற்றதெல்லாம் பார்க்கிற மாதிரி இருந்தது. முருகையன் என்று அவள் எழுதின முதல் தடவை அது.

அன்று மாலைக்குள் கலியமூர்த்தி ஒரு காக்கி உறையில் கேசட்டைக் கொண்டுவந்து, 'பெறுபவர்: தகவலாளர்-17' என்ற இடத்தில் மறுபடியும் ஒரு கோணல் 'மு' வாங்கிக்கொண்டு போனார். சொல்தா வாசலில் மூன்று பேரோடு கடப்பைக் கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஓட்டை மூடினபோது கல்லுக்கும் சிமெண்டுக்கும் இடையில் காற்று ஒருமுறை வெளியே வந்தது. பிறகு சத்தமில்லை. பலகையைப் பிடுங்க முடியவில்லை. அதற்குப் போட்ட அஸ்திவாரம் அப்படி. 'இங்கு எதையும் மாற்ற வேண்டாம்' என்று அது இன்னும் நிற்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு பெண் அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள்.

துறையின் இறுதி அறிக்கை அடுத்த வருஷம் வந்தது. தகவலாளர்-17 தனிப்பட்ட காரணங்களால் விலகிக்கொண்டார் என்றும், சமூகத்தின் சோர்வு என்பது பங்கேற்பு ஆய்வுகளின் பெரிய சவால் என்றும், ஆய்வுத் தளம் எண் 4 மூடப்பட்டது துறையின் தொடர் உரையாடலுக்குக் கிடைத்த வெற்றி என்றும் அதில் இருந்தது. இருபத்தொன்பது பேரை வைத்து என்ன செய்தார்கள் என்பது தெரியவில்லை. பேராசிரியருக்கு வேறு ஊரில் வேறு தெரு கிடைத்தது.

கேசட் வந்த வாரம் அஞ்சலாட்சி அதைக் கையில் வைத்துக்கொண்டே நான்கு நாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்தா வீட்டு டேப்ரிக்கார்டரை வாங்கிவந்து, கதவைச் சாத்திவிட்டுப் போட்டாள்.

கேள்வி, பதில், கேள்வி, பதில். முருகையன் பேசினான். சிலாப்பு என்றான். மறுபடியும் சிலாப்பு என்றான். ஆட்டோ போகிறது, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள் என்று பேராசிரியர் கேட்க, எவனாச்சும் உயுந்து செத்தாத்தான் என்று திரும்பவும் சொன்னான். அப்போது சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். புல்லாங்குழலில் அது தெரியவில்லை. பிறகு அடுத்த வீடு என்றார்கள். செருப்புச் சத்தம் போனது.

டேப் நிற்கவில்லை. டப்பாவை ஜன்னலிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தட்டு வைக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

"இவ்ளோ நேரம் இன்னா கேட்டாங்க?" என்று ஒரு பெண் குரல்.

"சிலாப்பு பத்திதான். எல்லாம் எழுதினு போயிருக்காங்க."

"எழுதினா?"

"எழுதிட்டாங்கன்னா போட்டுடுவாங்க. படிச்சவங்கதான. ரசம் ஊத்து."

ஊற்றினாள். அவன் உறிஞ்சிக் குடித்தான். மேரியில், அந்த முனிசிபல் ஆபீஸில், ஒரு குமாஸ்தா நாற்காலியில் இருந்து எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்ட கதையை, அந்தக் குமாஸ்தாவைப் போலவே பேசிக்காட்டினான். அந்தப் பெண் சிரித்தாள். தொண்டையிலிருந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல், மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள். யாருடைய சிரிப்பு இது என்று அஞ்சலாட்சிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ என்று நினைத்தாள். நிஜமாகவே ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போதும், பொர ஏறப்போது," என்றான் முருகையன். "அஞ்சலா."

கதவு தட்டுகிற சத்தம். டேப்பை மறந்துவிட்டோம் என்று ஒரு மாணவனின் குரல். டக்கென்று நின்றது.

அவள் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள். மறுபக்கத்தில் ஒன்றும் பதிவாகியிருக்கவில்லை. அதையும் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டாள்.